ஐந்தாவது கம்பிக்கு ஜெகதீசன் கொடுத்த சான்றிதழ்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இயந்திரத் தண்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் ஜெகதீசன் தரப் பரிசோதகர். ஒரு தண்டு நூலிழை பெருத்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். கடைசல் பிடித்தவன் கெஞ்சினாலும் மிரட்டினாலும் ஒரே பதில்தான்: "நானா சொல்றேன்? அளவு சொல்லுது." அந்தப் பதிலைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரியும் திருப்தி கல்யாண போட்டோவில்கூடத் தெரியவில்லை என்று அவர் மனைவி கோமளாவே சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கலைஞர். பருத்திப்பட்டு கலியமூர்த்தியின் மெல்லிசைக் குழுவில் பன்னிரண்டு வருடமாக, பாட்டுக்கு அடிநாதம் பிடிக்கும் பாஸ் கிடார் வாசிக்கிறார். பாஸ் கிடார்க்காரனுக்குக் கைதட்டல் கிடையாது. பாடுகிறவருக்கு மாலை, தபேலாவுக்கு விசில், பாஸ்காரருக்குக் கடைசிப் பந்தியில் ஆறிப்போன பிரியாணி. இதெல்லாம் தெரிந்தேதான் வாசித்தார். ஆனால் தான் இல்லாவிட்டால் குழுவே அஸ்திவாரம் இல்லாத வீடு என்று உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கை போய்விட்டால் எஸ்டேட்டும் தண்டும் மட்டும்தான் மிச்சம் என்ற பயமும் உள்ளூர இருந்தது.

இந்த வருடம் பொங்கல் கழிந்ததும் ஐந்து கம்பி வைத்த புது பாஸ் ஒன்றை வாங்கினார். அதில் ஃப்ளாட்வவுண்ட் கம்பி போட்டார். மேலே தட்டையான தகடு சுற்றிய கம்பி. விரல் உரசினாலும் கிறீச்சிடாது. அதன் வழவழப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஃபினிஷிங்னா இது" என்று கோமளாவிடம் காட்டினார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் வினை. கிடாரின் அடியில் ஒவ்வொரு கம்பியும் உட்கார ஒரு சின்ன இரும்புத் துண்டு உண்டு. ஐந்து துண்டுகளும் ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று படிக்கட்டாக நின்றன. அவை அப்படித்தான் நிற்க வேண்டும். கம்பி தடிக்கத் தடிக்க விறைப்பு கூடும். அதன் துண்டைச் சற்றுப் பின்னால் இழுத்து நீளம் கொடுக்காவிட்டால், கிடார்க் கழுத்தில் விரல் அழுத்தும் மேல் கட்டங்களில் சுருதி ஏறிவிடும். ஐந்தாவது கம்பியோ இருப்பதிலேயே தடியன், அதிலும் ஃப்ளாட்வவுண்ட். ஜெகதீசன் கண்ணுக்கு இதெல்லாம் தெரியவில்லை. கோணல்தான் தெரிந்தது. நுட்பமாக அளக்கும் வெர்னியர் அளவுகோலை எடுத்தார், ஐந்து துண்டுகளையும் 863.6 மில்லிமீட்டரில் பட்டாளத்து அணிவகுப்பு போல ஒரே கோட்டில் நிறுத்தினார்.

குழுவில் கீபோர்டு வாசிப்பவள் நிவேதிதா. கும்பகோணத்துப் பெண், அயனம்பாக்கத்தில் ஃபிளாட், ஐ.டி. வேலை. முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிட்டாள்.

"அண்ணா, அஞ்சாவது கம்பி மேல போகப் போக சுருதி ஏறுது."

"சுருதி பாக்குற ட்யூனர்ல பச்ச வெளக்கு எரியுது பாரும்மா."

"சும்மா மீட்டினா சரியாத்தான் இருக்கு. பன்னெண்டாவது கட்டத்துல அழுத்திப் பாருங்க."

ஜெகதீசன் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு தாளோடு வந்தார். பரிசோதனை அறிக்கை. ஐந்து கம்பி, ஐந்து அளவு, கீழே கையெழுத்து, பக்கத்தில் சரி என்ற முத்திரை. கம்பெனி முத்திரையையே குத்திக்கொண்டு வந்திருந்தார். கலியமூர்த்தி அதை இரண்டு முறை படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கதை தலைகீழ். இவருக்கு ஆடத் தெரியும், கூடம் நிஜமாகவே கோணல், ஆனால் நேர்தான் என்று இவரே முத்திரை குத்திவிட்டார்.

அதன் பிறகு யாரும் குறை சொல்லவில்லை. மூன்று மாதம், ஒன்பது கச்சேரி, ஒரு முணுமுணுப்பு இல்லை. எல்லாம் அறிக்கையின் மகிமை என்று ஜெகதீசன் நினைத்துக்கொண்டார்.

அவரைக் கவிழ்த்தது அவருடைய சொந்தக் குணம்தான். வீட்டிலிருந்த அறிக்கை நகலில், பன்னிரண்டாவது கட்டத்துக்கு என்று போட்ட பத்தி காலியாகக் கிடந்தது. காலியான பத்தியைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் சாயங்காலம் ஐந்தாவது கம்பியை அந்தக் கட்டத்தில் அழுத்தி மீட்டிப் பார்த்தார். ட்யூனரில் பச்சை எரியவில்லை, சிவப்பு எரிந்தது. இன்னொரு முறை மீட்டினார். சுருதி ஏறியிருக்கிறது என்று முள் வலது பக்கம் சாய்ந்தே நின்றது. அளவு சொன்னால் அப்பன் பேச்சையும் கேட்காத ஆள் அவர். தன் பேச்சை மட்டும் எப்படிக் கேட்பார்? வெட்கத்தில் காது சுட்டது. திருகாணியைத் திருப்பித் துண்டைப் பின்னால் இழுத்தார். பின்னாலிருந்த ஸ்பிரிங் இடித்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னும் இழுத்தார். கடைசி மரை வரை போன பிறகுதான் பச்சை எரிந்தது. மற்ற நான்கையும் ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்து நகர்த்தினார். ஐந்தாவது துண்டு மட்டும் தனியாகப் பின்தங்கி நின்றது, பார்க்கச் சகிக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த கச்சேரி பூந்தமல்லியில், ஒரு கல்யாண வரவேற்பு. கோமளாவையும் கூட்டிக்கொண்டு போனார். ஐந்தாவது கம்பியை அன்று போல அவர் என்றும் வாசித்ததில்லை. நான்கு பாட்டு முடிந்து இடைவேளை விட்டதும் கோமளா உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசைக்கு இறங்கி வந்தார்.

"இன்னிக்கு பாஸ் எப்டிகீது?"

"எப்பவும் போலத்தான்யா கீது."

"எதுனா வித்தியாசம்?"

"தெரியலயே. நீ வாசிச்சியா?"

ஒலிப்பலகையில் குழுவின் சவுண்டுக்காரன் ரவிச்சந்திரன் டீ குடித்துக்கொண்டிருந்தான். சத்தத்தை ஏற்றி இறக்கும் பட்டைகள் வரிசையாக, கீழே பேர் எழுதி ஒட்டிய துண்டுத்தாள்கள். 'ஜெகதீசன்' என்ற தாளுக்கு மேலிருந்த பட்டை அடிமட்டத்தில் கிடந்தது.

"இன்னாடா இது?"

ரவிச்சந்திரன் டீயைக் கீழே வைத்தான். "அண்ணாத்தே, என்னக் கேக்காத. கலியமூர்த்தி மாஸ்டர்தான் சொன்னாரு. நீ பேப்பர் குட்த்த அன்னிலேர்ந்து இப்டித்தான் கீது."

"அப்ப பாஸு?"

"அந்தக் கீபோர்டு பொண்ணு எடது கையில வாசிச்சிகினு கீது."

மூன்று மாதமாகத் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைத்தான் கேட்டு மகிழ்ந்திருக்கிறார். மண்டபம் கேட்டதில்லை. கலியமூர்த்தி வந்து பக்கத்தில் நின்றார்.

"ஒன்ன நிறுத்த மனசு வர்ல ஜெகதீசா. ஒன் பேப்பர எதுத்துப் பேச தெம்பும் இல்ல. கோச்சிக்காத."

"தப்பு என்னுதுதான்," என்றார் ஜெகதீசன். அந்த வார்த்தையை அவர் வாய் அதற்குமுன் சொன்னதில்லை. கலியமூர்த்தியே கொஞ்சம் பயந்து போனார். "சரி பண்ட்டேன். ஒரே ஒரு பாட்டுக்கு ஏத்து."

"கல்யாண ஊடுப்பா. நல்லாத்தான போய்கினு கீது?"

நிவேதிதா மேடையிலிருந்து கூப்பிட்டாள். "பன்னெண்டாவதுல ஒரு தடவ வாசிங்கண்ணா." அவர் ஏறிப்போய் வாசித்தார். அவள் தன் கீபோர்டில் அதே சுரத்தை அழுத்திக் கேட்டாள். இன்னொரு முறை கேட்டாள். பிறகு இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கலியமூர்த்தி ரவிச்சந்திரனைப் பார்த்துத் தலையசைத்தார்.

பாட்டு தொடங்கியது. பல்லவி முடிவதற்குள் பந்தி நடக்கும் பக்கத்திலிருந்து பட்டு வேட்டி கட்டிய ஒருவர் எச்சில் கையோடு ஓடி வந்து மேடை ஓரம் நின்றார்.

"யாருங்க அது, டும்மு டும்முனு? சாம்பார் வாளி ஆடுது. மாப்ள பெரியப்பாக்கு நெஞ்சு படபடக்குதாம். யாருங்க வாசிக்கிறது?"

பன்னிரண்டு வருடத்தில் கூட்டத்திலிருந்து ஜெகதீசனைப் பற்றி ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். ஜெகதீசன் வாசிப்பதை நிறுத்தவில்லை.

"நான்தாங்க," என்றார்.