அறுபத்திரண்டாம் பக்கம்

கவரைப்பேட்டையில் லேத் ஓட்டிய தாவீதுக்குத் தபாலில் படித்து இன்ஜினியராகிவிட ஆசை. கால்குலஸ்தான் மண்டையில் ஏறவில்லை. 1966-ல் ஒருநாள் பழைய புத்தகக் கடைக்குப் போய் ஐந்தாறு கைடுகளைப் புரட்டினார். எல்லாவற்றிலும் முதல் பத்துப் பக்கம்தான் அழுக்கு. மிச்சம் புதுக்கருக்கு கலையாமல் இருந்தது. ஒன்றில் மட்டும் யாரோ போட்ட பென்சில் கணக்குகள் கடைசிப் பக்கம்வரை போயிருந்தன.

"எவனோ ஒருத்தன் கடேசி வரிக்கும் போய்க்கிறான் பாரு கிரேஸு. அப்ப நானும் போய்டுவேன்," என்று அதை வாங்கி வந்து மனைவியிடம் காட்டினார்.

வேலை முடிந்து வந்ததும் தினம் படிப்பார். முடித்த பக்கத்தின் அடியில் தேதி போடுவார். அப்புறம் திடீரென்று மூடி வைத்தவர்தான், தொடவே இல்லை. கேட்டால், "தப்பான புக்க பொறுக்கிகினு வந்துட்டேன்," என்பார்.

"ஒரு புக்கு பொறுக்கத் தெரில, இன்ஜினியராவப் போறாராம்!" என்று பன்னிரண்டு வருஷம் கிரேஸ் குத்திக் காட்டினாள். அவர் சிரித்துக்கொள்வார்.

அவரை அடக்கம் செய்த ஏழாம் நாள், பெட்டியை ஒழிக்கும்போது புத்தகம் கைக்கு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் அவருடைய விரல்களின் எண்ணெய்க் கறை. அறுபத்திரண்டாம் பக்கத்தோடு அது நின்றுபோயிருந்தது. அடியில் இருந்த தேதி கிரேஸுக்கு மறக்கக்கூடியதல்ல. அவள் முதன்முதலாக ரத்தமாக இருமியதும், அவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அதற்கு மறுநாள்தான். எட்டு மாதம் பட்டறைக்கும் அவள் கட்டிலுக்குமாக அலைந்தார்.

"நல்ல புக்கத்தான்யா நீ பொறுக்கிகினு வந்தே," என்றாள் கிரேஸ், யாருமில்லாத வீட்டில்.