கியோஸ்தி மெதுவாக்கிய நாடா

செய்தி வந்தபோது காலை பத்தே முக்கால் மணி. வியாழக்கிழமை என்பதால் குஹ்மோ ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வழக்கமான பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. இல்போ ஹெய்குரா துடுப்பு நீளக் கரண்டியால் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பேசியது ரைலி, கியோஸ்தியின் அக்கா.

"இல்போ, கியோஸ்தி போயிட்டான். காபி போட்டு வச்சிருக்கான், குடிக்கல. இதயம்னு சொல்றாங்க."

"சரி," என்றான் இல்போ. அடுப்பைக் குறைத்துவிட்டு, "தனியாவா இருக்கே?" என்று கேட்டான்.

"பக்கத்து வீட்டுக்காரி வந்திருக்கா. நீ சூப்பைப் பாரு. அடிப்பிடிச்சிடப் போகுது."

சூப் அடிப்பிடிக்கவில்லை. முந்நூறு பிள்ளைகளும் வரிசையில் வந்து வாங்கிப்போனார்கள். தங்களுக்கு சூப் ஊற்றுகிற இந்த சாது மனிதன் போலந்திலும் மெக்ஸிகோவிலும் மேடையேறி அடிவயிற்றிலிருந்து கரடிபோல உறுமுகிறவன் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அதை நம்புவதில்லை.

துர்வெஹவுதா என்பது இல்போவின் டெத் மெட்டல் இசைக்குழுவின் பெயர். சதுப்புக் கல்லறை என்று அர்த்தம். இல்போ கிதாரும் குரலும், வேசா டிரம்ஸ். கியோஸ்தி பீராய்னன் எந்த வாத்தியமும் வாசிக்கவில்லை. மரம் ஏற்றும் லாரிகளுக்கு மின்சாரக் கோளாறு பார்ப்பது அவன் பிழைப்பு. மற்ற நேரத்தில் குழுவின் வேனை ஓட்டினான், ஒலிப்பெட்டிகளைச் சுமந்தான், ஒலியைக் கவனித்தான். ஆல்பங்களின் உறையில் அவன் பெயர் கடைசி வரியில், சின்ன எழுத்தில் இருக்கும்.

முதல் நாடாவைப் பதிவு செய்தது தொண்ணூற்றிரண்டு டிசம்பரில். அடுக்குமாடி வீடுகளுக்கு அடியில் போர்க்காலத்துக்கென்று கட்டிவைத்த காங்கிரீட் பதுங்கறைதான் ஒத்திகைக் கூடம். ஐந்து பாட்டு. யார் வேகமாக வாசிப்பது என்று அந்த வயதில் ஊருக்கு ஊர் போட்டி, இவர்களும் பறந்தார்கள். பதிவை கேசட் அச்சுக்கான மூல நாடாவுக்கு மாற்றும் வேலை கியோஸ்தியுடையது. பதிவை ஓடவிட இரவல் வாங்கிய இயந்திரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு ஒன்று இருந்தது. கையுறையோடு வேலை செய்தவன் அதைக் கவனிக்கவில்லை. குளிரில் விரல் மரத்திருந்தது. திருகு இடது பக்கம் சாய்ந்திருந்தது. இருநூறு கேசட் அச்சாகி வந்து, முதல் கேசட்டைப் போட்டுக் கேட்டபோது பாட்டு எல்லாம் கனத்து, இழுத்து, சேற்றில் இறங்கிய கரடிபோல நடந்தது.

"நீ எங்களைக் கொன்னுட்டேடா," என்றான் இல்போ. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது.

கியோஸ்தி ஒலிப்பெட்டிக் கம்பிகளைச் சுருட்டி வைத்துவிட்டு எல்லோருக்கும் காபி ஊற்றினான்.

வேறு கேசட் அச்சடிக்க வழியில்லாததால் அதையே விற்றார்கள். வசந்தத்துக்குள் இருநூறும் போய்விட்டன. இவ்வளவு கனமான ஓசை எப்படிக் கிடைத்தது என்று பிரேசிலிலிருந்து ஒருவன் எழுதிக் கேட்டான். ஊலு நகரத்தில் மேடை ஏறக் கூப்பிட்டபோது நாடாவில் இருப்பதுபோலவே வாசிக்க வேண்டிய நிலை. கிதார்க் கம்பிகளைத் தளர்த்தினார்கள். இல்போ தன்னிடம் இல்லாத ஒரு குரலை நெஞ்சுக்குக் கீழே தேடி எடுத்தான். வேசாதான் முரண்டு பிடித்தான்.

"இது டிரம்ஸா, மாடு நடக்கிற சத்தமா?"

"மாடுதான்," என்றான் கியோஸ்தி. "நல்ல மாடு. அப்படியே நட."

அந்த நடையிலேயே ஐந்து ஆல்பங்கள், முப்பத்தொரு வருஷம். ஓசையின் ரகசியம் என்ன என்று பேட்டியில் கேட்பவர்களிடமெல்லாம், "எங்க ஊர் சதுப்பு நிலத்தோட கனம் அது," என்று இல்போ சொல்வான். பின்னால் கம்பி சுருட்டிக்கொண்டிருப்பவன் காதில் அது விழும். வேன் கிளம்பும்போது, "சதுப்பு நிலம் ஏறியாச்சா? கதவைச் சாத்து," என்பான். அவ்வளவுதான்.

'கொன்னுட்டே' என்று அன்று சொன்ன சொல்லை இல்போ திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை. ஒருமுறை சவுனா என்னும் நீராவிக் குளியலறையில், மேல்பலகையில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தபோது வாய்வரை வந்தது.

"கியோஸ்தி, அந்த முதல் நாடா..."

"தண்ணி ஊத்தவா?"

"ஊத்து."

கல்லில் தண்ணீர் சீறியது. ஆவியோடு பேச்சும் போய்விட்டது.

இப்போது பூக்கடைக்காரி மலர்வளையத்துக்குச் செவ்வாய்க்கிழமைக்குள் வாசகம் கேட்டாள். ஊர் வழக்கப்படி, சவப்பெட்டி அருகே மலர்வளையம் வைக்கிறவன், அதன் நாடாவில் எழுதியதை எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்க வேண்டும். சாவைப் பற்றி நாற்பது பாட்டு எழுதியவனுக்கு ஒரு சாவுக்கு ஒரு வரி வரவில்லை. 'அன்புடன் நினைவுகூர்கிறோம்' என்று எழுதினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அதைப் படித்தால் சொல்ல வேண்டியது இனி ஒருநாளும் சொல்லப்படாது. அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை குழுவின் ஒலிப்பெட்டிக் கம்பிகளை எடுத்துவர ரைலி வீட்டுக்குப் போனான். அக்காவும் தம்பியும் ஒரே மரவீட்டில் இருந்தவர்கள். கீழ்த்தளம் தம்பியின் பட்டறை. மேசைமேல் பழைய பதிவு இயந்திரம், அதற்குள் தொண்ணூற்றிரண்டின் அதே மூல நாடா. பக்கத்தில் புதிய நாடாப்பெட்டி. அதன்மேல் கியோஸ்தியின் கட்டை எழுத்து: 'இல்போவுக்கு. அவன் பாடினபடி.'

இல்போ முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். முப்பத்தொரு வருஷமாக அந்தச் சொல் இவன் நெஞ்சில் மட்டும் கிடக்கவில்லை.

புதிய நாடாவை ஓடவிட்டான். பதினெட்டு வயது இல்போ, சரியான வேகத்தில். ஒல்லிக் குரல். நாய் துரத்துகிற முயல்போலக் கீச்சிட்டுக்கொண்டு ஓடியது. பின்னால் வேசாவின் டிரம்ஸ், மாடிப்படியில் தகர டப்பா உருள்கிறாற்போல. இப்படி ஒரு குழுவை பிரேசிலில் என்ன, குஹ்மோவிலேயே யாரும் இரண்டாம் முறை கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டாம் பாட்டில் இல்போவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மூன்றாம் பாட்டின் நடுவில் நாடா வெறுமையானது.

ரைலி படியில் நின்றிருந்தாள்.

"அவனும் இதே முக்காலியில உக்காந்து இப்படித்தான் சிரிச்சான். மூணு வாரம் இருக்கும். என்னடான்னு கேட்டேன். 'நல்ல வேளை'ன்னான். மெஷினை அணைச்சிட்டு சாப்பிட வந்துட்டான். எனக்கு ஒண்ணும் புரியல."

"எனக்குப் புரியுது," என்றான் இல்போ. பட்டறையிலிருந்தே பூக்கடைக்குப் போன் செய்தான்.

அடுத்த சனிக்கிழமை தேவாலயத்தில் வேசா பக்கத்தில் நிற்க, மேடைக்குரல் இல்லாமல், சூப் போதுமா என்று பிள்ளைகளிடம் கேட்கிற குரலில் படித்தான்: "கியோஸ்தி, நீ எங்களைக் கொல்லவில்லை. வாழவைத்தாய். நன்றி." போதகர் நிமிர்ந்து பார்த்தார். வேசாவின் தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று அவனிடமே கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டான்.

பிறகு சபைக்கூடத்தில், காபியும் உருளைக்கிழங்கு நிரப்பிய ரொந்தொனன் ரொட்டியும் வைத்த மேசையில், கியோஸ்தியின் சித்தி இல்போவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானே அந்தக் குரைக்கிறவன்? இன்னைக்குத்தான் நீ சொன்னதுல ஒரு வார்த்தை புரிஞ்சுது."

"சந்தோஷம்."

"அது என்ன கொலை?"

"அது பெரிய கதை."

"காபி நிறைய இருக்கு. சொல்லு."

திருகு, கையுறை, இருநூறு கேசட், மாட்டு நடை எல்லாவற்றையும் இல்போ சொன்னான். சதுப்பு நிலம் என்று தான் அளந்ததையும் சேர்த்தே சொன்னான். பக்கத்து மேசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். லாரிப் பட்டறை முதலாளி மட்டும், "எங்க பட்டறையில அவன் ஒரு திருகு கூட விட்டதில்லையே," என்றார், கொஞ்சம் பொறாமையோடு.

இயந்திரத்தையும் இரண்டு நாடாக்களையும் ரைலி இல்போவிடமே கொடுத்துவிட்டாள். அவை பதுங்கறை அலமாரியில் இருக்கின்றன. மூன்றாம் பாட்டின் பிற்பாதியும், நான்காம் ஐந்தாம் பாட்டுகளும் இன்னும் சரியான வேகத்துக்கு மாற்றப்படவில்லை.