வராந்தாவில் மிஞ்சிய சிப்பி

2013 ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை. எழுந்ததும் பால் காய்ச்சினேன், முந்தின நாள் டைரியை ஒருமுறை படித்தேன், மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பொன்னேரியில் பழவேற்காடு பேருந்தைப் பிடித்தேன். ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கை. திருப்பாலைவனம் தாண்டும்போது எப்போதும் இரு பக்கமும் வயல் தெரியும். அன்று கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. பொங்கல் முடிந்த பிறகு பனி வருவது புதிதல்ல என்றாலும், ஓட்டுநர் விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

ஏரிக்கரையில் ஒரு சிறிய குப்பத்தின் பள்ளியில் அப்போது ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பாடம், பட்டை வரைபடம். புத்தகத்தில் கார், பஸ், சைக்கிள் என்று கட்டம் கட்டமாக வரைந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு அது ஏறவில்லை. எனவே முந்தின வெள்ளிக்கிழமை அவர்களை டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். வாசல் தூணில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கும் இடம் அது. கல்லில் உள்ள எழுத்து நமக்குப் புரியாது. ஆண்டு மட்டும் புரியும். எந்த நூற்றாண்டில் எத்தனை கல் என்று எண்ணிப் பட்டை வரையச் சொன்னேன். பிள்ளைகள் உற்சாகமாகத்தான் எண்ணினார்கள். ஆனால் மாலையில் பெற்றோர் சிலர் பள்ளிக்கே வந்துவிட்டார்கள். செத்தவர்களை விரல் நீட்டி எண்ணினால், எண்ணியவர் பின்னாலேயே ஒருவர் வந்துவிடுவாராம். நான் வாதாடவில்லை. வேறு கணக்கு யோசித்தேன்.

இந்தக் குப்பத்தில் பெரும்பாலான பெண்கள் ஏரியில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். பனையோலையில் பின்னிய பறிக் கூடையின் வாயைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீரில் தவழ்ந்தபடி பிடித்துப் போடுவார்கள். விடியலில் போய், வெயில் ஏறும் முன் வருவார்கள். திங்கட்கிழமை பள்ளி வராந்தாவில் சாக்பீஸால் அடிக்கோடு போட்டு, மூன்று தெருவுக்கும் ஒவ்வொரு பத்தி வரைந்தேன். அம்மா ஏரிக்குப் போயிருந்தால், பிள்ளை தன் தெருப் பத்தியில் ஒரு மட்டிச் சிப்பி வைக்க வேண்டும். அம்மா திரும்பியதும் எடுத்துவிட வேண்டும். தன் தெரு உயரமாகத் தெரிய வேண்டும் என்று ஒருவன் பெரிய பெரிய சிப்பியாகப் பொறுக்கி வந்தான். அதனால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்று என்று விதி வைத்தேன். சிப்பி பெரிதோ சிறிதோ, ஓர் ஆளுக்கு ஒரு கட்டம் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் புரிந்தது. உயிரோடு இருப்பவர்களின் கணக்கு என்பதால் ஊரும் ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே வைத்தார்கள். பத்து மணி ஆகியும் பனி விலகவில்லை. பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஏரி தெரியவே இல்லை. பெண்கள் பயந்துபோய் ஒருவர் குரலை ஒருவர் பிடித்தபடி சீக்கிரமே கரையேறிவிட்டார்கள். பிள்ளைகள் ஓடி ஓடிச் சிப்பிகளை எடுத்தார்கள். பட்டைகள் குறைந்து குறைந்து காலியாயின.

பள்ளத்தெருப் பத்தியில், அடிக்கோட்டை ஒட்டிய முதல் கட்டத்தில் மட்டும் ஒரு சிப்பி இருந்தது.

"இது யாருது? எடுக்க மறந்துட்டீங்களா?" என்றேன்.

யாருடையதும் இல்லை. பள்ளத்தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் சிப்பியைக் கையில் வைத்துக் காட்டினார்கள். அவை பள்ளி மூலையில் உள்ள குவியலிலிருந்து எடுத்த, வெளுத்துக் காய்ந்த சிப்பிகள். கட்டத்தில் கிடந்ததை எடுத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. உள்ளே கறுப்புச் சேறு ஒட்டியிருந்தது. மறுபடி அதே கட்டத்தில் வைத்தேன்.

காலையில் முதலில் வந்த சிறுமி மெதுவாகச் சொன்னாள்: "நான் வரும்போதே இது இருந்துச்சு டீச்சர். எனக்கு முன்னாடி யாரோ வந்துட்டாங்கனு நெனச்சு ரெண்டாவது கட்டத்துல வெச்சேன்."

அவளுக்கு முன்னால் யாரும் வரவில்லை. பிள்ளைகள் வராந்தாவிலிருந்து ஒவ்வொருவராக வகுப்புக்குள் நகர்ந்தார்கள்.

விஷயம் கரைக்குப் போய்விட்டது. நனைந்த சேலையோடு நாலைந்து பெண்கள் வந்து சற்றுத் தள்ளியே நின்றார்கள். "டீச்சரம்மா, அதத் தூக்கி ஏரில வீசிடுங்க. வெள்ளக்காரன் பொணத்த எண்ணி இங்க கூட்டினு வந்துட்டீங்க. அதான் அவனும் ஒண்ணு வெச்சிருக்கான்" என்றாள் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் முதுகு சில்லிட்டது உண்மை. வீசிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதியாகிவிடும் என்றுதான் தோன்றியது.

ஆனால் கட்டத்துக்கு ஓர் ஆள் என்று விதி வைத்தவள் நான். ஒரு சிப்பி இருந்தால் ஓர் ஆள் தண்ணீரில் இருக்க வேண்டும். கரையில் தோணியைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன்.

"எல்லாரும்தான் வந்துட்டாங்களே. நான் யாருக்குத் தோணி எடுக்கிறது, சிப்பிக்கா?" என்றார் அவர்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சிப்பி வைப்பவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள் மட்டும்தான். "பள்ளத்தெருவுல, ஏரிக்குப் போற வீட்டுல, பிள்ளை இல்லாத வீடு எது?" என்று கேட்டேன்.

பின்னாலேயே வந்திருந்த பெண்கள் வீடு வீடாக எண்ணிப் பார்த்தார்கள். காலையில் முதலில் வந்த அந்தச் சிறுமிதான் சொன்னாள்: "வேலிகாத்தான் பக்கத்துல கடசி குடிசை அக்கா இருக்குது டீச்சர்."

புருஷன் இறந்த பிறகு தனியாக இருப்பவள், யாரோடும் சேராதவள், எல்லோருக்கும் முன்னால் ஒற்றையாக ஏரிக்குப் போகிறவள். போய்ப் பார்த்தோம். படல் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. பறி மாட்டும் ஆணியில் பறி இல்லை.

தோணிக்காரர் கரைக்கு ஓடினார். தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு தோணியைத் தள்ளினார். பத்து முழத்தில் அவர்கள் மறைந்துவிட்டார்கள். முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும் நேரம் அது. காலையில் முழங்காலளவு இருந்த இடத்தில் இப்போது நிற்க முடியாது என்றார்கள். தோணிக்கும் கரை தெரிய வேண்டுமே என்று பிள்ளைகளைச் சாப்பாட்டுத் தட்டோடு கரையில் நிறுத்தி அடிக்கச் சொன்னேன். அடித்தார்கள். பிறகு நிறுத்தச் சொல்லிக் காது கொடுத்தோம்.

பனிக்குள்ளிருந்து டொக், டொக் என்று பதில் வந்தது. மரத்தில் ஏதோ தட்டும் சத்தம். நாங்கள் அடித்தால் அது நின்றது. நாங்கள் நிறுத்தினால் அது வந்தது. ஒருமுறை வடக்கே கேட்டது போலிருந்தது, அடுத்த முறை எங்கள் பின்னாலேயே, கல்லறை இருக்கும் திசையில். ஒரு பையன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "பொட்டிக்குள்ளேர்ந்து தட்றான் டீச்சர்" என்றான்.  நானும் திரும்பிப் பார்த்தேன்.

சத்தம் நின்றுவிட்டது.  பிள்ளைகள் என்னைப் பார்க்காமலேயே மறுபடி தட்டை அடிக்கத் தொடங்கினார்கள்.

தோணி வந்தபோது அவள் அதில் குந்தியிருந்தாள். ஆழத்தில் வலை கட்ட நட்டிருந்த கழி ஒன்றைக் கட்டிப்பிடித்து, கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறாள். குரல் போய்விட்டதால் ஒரு மட்டியால் கழியைத் தட்டிக்கொண்டிருந்தாளாம். கடைசியில் கை மரத்து மட்டி நழுவிவிட்டது. பறி இன்னும் கழுத்தில் தொங்கியது.

சத்துணவுக் கூடத்திலிருந்து வெந்நீர் கொடுத்தோம். சிப்பியை ஏரியில் வீசச் சொன்ன பெண்தான் அவள் தலையைத் துவட்டிக்கொண்டே திட்டினாள்: "இன்னாடி நீ, சொல்லிட்டுப் போவக்கூடாதா?"

"யார்கிட்ட சொல்றது?" என்றாள் அவள். குரல் காற்றாகத்தான் வந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். "நேத்து புள்ளைங்க வெக்கிறத பாத்தேன் டீச்சர். எனக்கு வெக்க ஊட்ல ஆள் இல்ல. அதான் இருட்டோட போவும்போது கரைச் சேத்துல கெடந்த ஒண்ண நானே வெச்சிட்டுப் போனேன். வந்து நானே எடுத்துக்கலாம்னு."

சொன்னபடி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்து, குனிந்து அந்தச் சிப்பியை எடுத்துக்கொண்டு தன் குடிசைக்குப் போனாள். துவட்டிய பெண்ணும் பின்னாலேயே போனாள்.

சிப்பிக்கு உரியவள் தெரிந்துவிட்டாள். ஆனாலும் கல்லறைப் பக்கம் கேட்ட அந்தத் தட்டலை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. பனியில் சத்தம் திசை மாறிக் கேட்கும் என்றார் தோணிக்காரர். இருக்கலாம்.

மறுநாள் காலை முதல் வேலையாக, வருகைப் பதிவேட்டைத் திறக்கும் முன், ஈரத்துணியால் மூன்று பத்தியையும் துடைத்தேன். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், பிள்ளை இல்லாத வீடுகளையும் சேர்த்து எண்ணி வந்து, கட்டங்களைப் புதிதாகப் போட்டேன். அன்றிலிருந்து எந்தக் கணக்கைப் பார்த்தாலும், அதில் யாருக்குச் சிப்பி வைக்க ஆளில்லாமல் போயிற்று என்பதைத்தான் என் கண் முதலில் தேடுகிறது.