பெருங்காயம் வைத்த கொய்யா

திருநின்றவூரில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டுக்காரம்மாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவர் மாடியில், நாங்கள் கீழே. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடந்தது. வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும் கொட்டிய இடம். கடப்பாரை பிடித்து, உள்ளங்கையில் கொப்புளம் வர, நான்தான் அதைச் சுத்தம் செய்தேன். செம்மண் நான்கு மூட்டை, மாட்டு எரு இரண்டு மூட்டை, எல்லாம் என் ஸ்கூட்டரில் வந்தவை. கத்தரியும் வெண்டையும் போட்டேன். பூந்தமல்லி பக்கம் ஒரு நர்சரியில் வாங்கிய கொய்யாக் கன்றைச் சுவரோரமாக நட்டேன்.

முதல் கத்தரிக்காய் பறிக்கும் பதத்துக்கு வந்த அன்றே அவர் கூடையோடு இறங்கி வந்தார். கேட்கவெல்லாம் இல்லை. பறித்தார்.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் பறிக்கக் கூடாதாக்கா?" என்றேன்.

"இன்னாம்மா, நாலு கத்திரிக்காய்க்குப் போய் பேசிகினு கீற? மண்ணு எங்களுதுதானே?"

அந்த மண்ணை நான் சுமந்து வந்தபோது மாடியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தவர் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மண்ணும் நான் கொண்டாந்தது, கையும் என்னுது" என்றேன். "கை ஆருக்குத்தான் இல்ல?" என்று சொல்லி, வெண்டைக்காயையும் பறித்துக்கொண்டு மேலே போனார்.

அதன்பிறகு தண்ணீர் மோட்டார் போடுவதைப் பற்றித் தவிர வேறெதுவும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. துணி அலசிய தண்ணீரை அவர் மாடியிலிருந்து என் செடிகள் மேல் ஊற்றுவார். நானும் சும்மா இல்லை. மாவுப்பூச்சி பிடித்த இலைகளைக் கூட்டி அவருடைய ரோஜாத் தொட்டி பக்கம் தள்ளிவிடுவேன்.

நான்காவது வருடம் கொய்யா முதன்முறையாகப் பிஞ்சு விட்டது. அணில் கடிக்காமல் இருக்கப் பழைய கொசுவலையைக் கிழித்து ஒவ்வொரு பிஞ்சுக்கும் பை கட்டினேன். அந்த வாரமே, மகனுக்குக் கல்யாணம், ஒரு மாதத்தில் காலி செய்யுங்கள் என்றார். வீடு போவதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் பழம் பழுக்க இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "பழுத்ததும் வந்து பறிச்சிக்கட்டுமாக்கா?"

"காலி பண்ணிகினு போனவங்களுக்கு இங்க இன்னா வேல?"

மரத்தில் ஓட்டை போட்டுப் பெருங்காயம் வைத்தால் பட்டுப்போகும் என்பார்கள். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது, அடிமரத்தில் சுவர்ப் பக்கமாக மூன்று இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குடைந்தேன். பெருங்காயத்தை நுணுக்கி அடைத்தேன். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை மூடிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவர் கறாராகச் சொல்லியிருந்ததால் வெள்ளை சிமெண்ட் குழைத்து வைத்திருந்தேன். அதையே இதற்கும் வைத்துப் பூசினேன். நான் வளர்த்த மரம்தான். அவர் வாய்க்குள் ஒரு பழமும் போகக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

ஆவடிக்குக் குடிபோய் ஐந்து மாதம் கழித்து, என் வங்கி அட்டை பழைய முகவரிக்குப் போய்விட்டது என்று வாங்கப் போனேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அவர் பின்பக்கம் வாளியோடு நின்றிருந்தார். கொய்யாவில் ஒரு இலை இல்லை. கொசுவலைப் பைகளுக்குள் பிஞ்சுகள் கறுத்துச் சுருங்கித் தொங்கின. அடியில் புதிதாகப் பாத்தி கட்டியிருந்தார், மண் ஈரமாக இருந்தது.

"நீ போன மறு மாசமே எல உதுர ஆரம்பிச்சிது" என்றார். "எரு வாங்கியாந்து போட்டேன். தெனமும் ரெண்டு வாளி ஊத்தறேன். ஒண்ணும் கேக்கல." பாதி வாளியைப் பாத்தியில் ஊற்றினார். "நீ சொன்னது சரிதாம்மா. மண்ணுல இன்னா கீது? உன் கைதான்."

நான்கு வருடமாக அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று நான் காத்திருந்த பேச்சு அது. சந்தோஷப்படப் பார்த்தேன், முடியவில்லை.

மீதித் தண்ணீரை ஊற்ற அவர் சுவர்ப் பக்கம் நகர்ந்தார். அங்கே மூன்று வெள்ளைப் பொட்டுகள் அப்படியே இருந்தன. நான் குறுக்கே போய் நின்று, அவர் கையிலிருந்து வாளியை வாங்கினேன்.

"குடுங்கக்கா, நான் ஊத்தறேன்" என்றேன். ஊற்றினேன்.