சித்ரா வைத்த சிரிப்பு

வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் சித்ராவின் டிசைன் கடையும் என் வாட்ச் கடையும் ஒட்டியிருக்கின்றன. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே இருமினால் இங்கே கேட்கும். அதனால் நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சித்ரா எஸ்டேட் லயத்தில், ஒற்றை அறை வீட்டு வரிசையில், பிறந்தவள். அம்மா சின்னத்தாய் தேயிலைக் கொழுந்து எடுத்துப் படிக்க வைத்தாள். இப்போது சித்ராவுக்கு நாற்பது வயது. ஏலக்காய்க் கடை, ஜீப் சவாரி, ஆயுர்வேதம் என்று இந்த ஊரில் எவன் கடை திறந்தாலும் பிரோஷர் அடிக்க அவளிடம்தான் வருவான். வருகிறவனோ தன் தாத்தா காலத்துக் கதை முழுவதையும் முதல் பக்கத்திலேயே போடச் சொல்வான். அவளும் ஒவ்வொருவனுக்கும் அலுக்காமல் பாடம் எடுப்பாள்.

"மூணா மடிக்கிற தாள் இது. முதல் பக்கத்தை ஒருத்தன் மூணு செகண்டுதான் பாப்பான். ஒரு முகம், ஒரு வரி. அது போதும். மத்ததெல்லாம் உள்ள. போன் நம்பர் பின்னால, கண்ணாடி இல்லாம வாசிக்கிற மாதிரி."

அவளுடைய இன்னொரு வேலை சாவு. இங்கே ஒருவர் இறந்தால், பிணத்தைக் குளிப்பாட்டும் முன்பே ஜங்ஷனில் அவர் படத்தோடு ஆதராஞ்சலி ஃபிளெக்ஸ், அதாவது அஞ்சலிப் பேனர், நின்றாக வேண்டும். லயத்து ஜனங்களிடம் நல்ல படம் ஏது? ரேஷன் கார்டையோ எஸ்டேட் அட்டையையோ கொண்டுவருவார்கள். அதில் எல்லோரும் வாயை இறுக்கிக்கொண்டு முறைப்பார்கள். "கொஞ்சம் சிரிச்ச மாதிரி போடுக்கா" என்று அழுதுகொண்டே கேட்பார்கள். சித்ரா முகத்தை வெட்டியெடுத்து, பட்டுச் சேலை கட்டிவிட்டு, சிரிப்பும் வைத்துக் கொடுப்பாள். ஆண்கள் என்றால் மீசையைக் கொஞ்சம் இறக்கிச் சமாளித்துவிடுவாள். என் மனைவி மாரிக்கனி போனபோதும் அவள்தான் செய்து தந்தாள். அந்தப் படத்தைத்தான் என் கடைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

சென்ற வருஷம் ஜிபி என்ற மலையாளிப் பையன் வந்தான். மூடிக் கிடந்த ஓர் எஸ்டேட்டின் லயத்தை வாங்கி, வெள்ளையடித்து, ஹோம்ஸ்டே ஆக்கியிருந்தான். யானை, படகு, தீ மூட்டி ஆட்டம் என்று அவன் கொண்டுவந்த படங்களை எல்லாம் சித்ரா ஒதுக்கித் தள்ளினாள்.

"செரி சேச்சி. அப்போ முன்னால ஒரு கொழுந்து எடுக்கிற அம்மா வேணும், சிரிச்சிட்டு. நெட்ல உள்ளது வேண்டா. அதெல்லாம் அஸ்ஸாம் முகம். நம்ம நாட்டு முகம் வேணும்."

சீசன் தொடங்க நான்கு நாள்தான் இருந்தது. ஒருத்தியைக் கூட்டிப் போய் நிற்க வைத்துப் படம் எடுக்க விடாமல் மழை ஊற்றியது. சித்ராவின் கம்ப்யூட்டரில் ஊரில் இறந்தவர்கள் எல்லோரும் வெட்டிய முகங்களாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதே லயத்தில் ஆறு வருஷம் முன்பு இறந்த கற்பகத்தை அவள் எடுத்தாள். குடும்பம் மலையிறங்கிக் கம்பத்துக்குப் போய்விட்டது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். புத்திசாலிகள் செய்யும் தப்பு இப்படித்தான் இருக்கும்.

பிரோஷர் பிரமாதம். இரண்டே வாரத்தில் ஜிபி லட்டோடு வந்தான். "வர்றவங்க எல்லாம் இந்த அம்மா எங்கேன்னுதான் முதல்ல கேக்குறாங்க சேச்சி!" சித்ரா அதைத் தொடவில்லை. லட்டு முழுதும் எனக்குத்தான் வந்தது.

அடுத்த வாரம், மழை விட்ட ஒரு மத்தியானம், ஒரு பெண் படியேறி வந்தாள். பாலித்தீன் கவருக்குள் பிரோஷரைச் சுற்றி வைத்திருந்தாள். பெயர் பெரியம்மாள். கற்பகத்தின் மகள். கம்பத்தில் பிழைப்பு ஓடாமல் திரும்பி வந்து, அதே ஹோம்ஸ்டேயில் அறை கூட்டித் துடைக்கிறாள். அம்மா உயிர் விட்ட அறையும் அதில் ஒன்று.

"கெஸ்டுக இந்தம்மா எங்கன்னு கேக்காகக்கா. கொழுந்து எடுக்கப் போயிருக்கா, சாயங்காலம் வந்துருவான்னு சொல்லிட்டேன். செத்துட்டான்னு சொல்ல வாய் வரல. தெனமும் அதையே சொல்லுதேன். இப்ப சாயங்காலமானா நானும் வழியைப் பாக்கேன்."

சித்ரா மன்னிப்புக் கேட்டாள். பெரியம்மாள் அதற்காக வரவில்லை.

"எங்கம்மா இப்படிச் சிரிக்க மாட்டா. இதையே பாத்துப் பாத்து அவ வாய் எனக்கு மறந்து போச்சு. அந்தப் பழைய போட்டோவைக் குடுங்க."

"அட்டையை உங்ககிட்டயே திருப்பிக் குடுத்தேனேம்மா."

"அதை அம்மா வெத்தலைப் பையில வச்சு, அவளோடயே பொதைச்சுட்டோம்."

சித்ரா கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினாள். ஒரு மணி நேரம் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பழைய முகத்தின் மேலேயே புது முகத்தைச் சேமிப்பது அவள் பழக்கம். அந்த இறுகிய வாய் எங்கேயும் இல்லை.

கடைசியில் சித்ரா சிரிப்பை அழித்தாள். பெரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, உதடு இன்னும் மெல்லிசு, இடது ஓரம் இறங்கும் என்று சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். எதுவும் சேரவில்லை. வாயில்லாத ஒரு முகம் திரையில் வெகு நேரம் இருந்ததாம். இந்தப் பக்கம் நான் கையிலிருந்த வாட்சைக் கீழே வைத்துவிட்டேன்.

"நீ கோபமா இருக்கிற மாதிரி வாயை மூடு" என்றாள் சித்ரா திடீரென்று. போனில் படம் எடுத்தாள். அந்த வாயைக் கொண்டுபோய் வைத்தாள்.

"எங்கம்மாதான்" என்றாள் பெரியம்மாள். பிறகு கேட்டாள், "அந்தச் சிரிப்பு யாருதுக்கா?"

"எங்கம்மாவோடது. நான் முதல் போன் வாங்கின அன்னைக்கு எடுத்தது. பல்லு தெரிஞ்சு நல்லா சிரிச்ச படம் என்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு. யார் செத்தாலும் அதைத்தான் வச்சேன்."

"எல்லாப் பொம்பளைக்குமா?"

"எல்லாருக்கும்."

"லயத்துல நாங்க பேசிக்கிடுவோம்க்கா. செத்தா எல்லாரும் ஒரே மாதிரிதான் சிரிப்பாக போலன்னு."

சித்ரா அழுதாள். அவளுக்கு அம்மா செத்துப் பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷமும் ஜங்ஷனில் யார் யாரோ முகத்திலிருந்து அம்மா அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். அதற்காகத்தான் அப்படி வைத்தாளோ என்னவோ, நான் கேட்டதில்லை. மிச்சப் பிரோஷர்களை ஜிபியிடம் சண்டை போட்டுத் திரும்ப வாங்கிவந்தாள். கிழிக்க மனமில்லாமல் அவை இன்னும் அவள் மேஜைக்கு அடியில் கட்டாகக் கிடக்கின்றன.

அன்று பெரியம்மாள் படியிறங்கிப் போன பிறகு நான் திரும்பி என் சுவரைப் பார்த்தேன். மாரிக்கனிக்குப் பல் எடுப்பு. அந்த வெட்கத்தில் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தும் அவள் முழுசாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. மாலை போட்ட படத்திலோ பல் வரிசையாக, அழகாக இருந்தது. நான்கு வருஷமாக அதற்குத்தான் நான் ஊதுவத்தி காட்டிக்கொண்டிருக்கிறேன். கண்ணை மூடி அவள் வாயை நினைத்துப் பார்த்தேன். கைதான் தெரிந்தது.