வெளுக்காத நீலப் பட்டை

முதலில் மூக்கின் இருபுறமும் கன்னம் சிவந்தது. பனியன் கம்பெனிப் பஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். திருப்பூரில் எந்த அரிப்புக்கும் பஞ்சின் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

மூட்டுகளும் வீங்கிய பிறகுதான் கோவைக்குப் போனோம். லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) என்றார் டாக்டர். வெயில் பட்டால் கிளம்பும், சிறுநீரகம் வரை போகலாம் என்றார். பயந்துபோனேன். எவ்வளவு வெயில் ஆகாது என்பதுதான் பிடிபடவில்லை. மேகமூட்டத்திலும் முகம் எரிந்தது. உச்சிவெயிலில் பஸ்ஸுக்கு நின்ற ஒருநாள் ஒன்றுமே ஆகவில்லை.

அப்போது நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், மாதிரித் துணி தைக்கும் எங்கள் சாம்பிள் செக்‌ஷனுக்கு வெளிநாட்டு பையர் (ஆர்டர் கொடுத்துத் துணி வாங்குபவர்) ஒருவர் முழுக்கை டி-ஷர்ட் அனுப்பியிருந்தார். துணியில் ஏற்றிய நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத நுண்பொடி) புற ஊதாக் கதிரை (வெயிலில் தோலைச் சுடும், கண்ணுக்குப் புலப்படாத ஒளி) தடுக்குமாம். கூடவே ஒரு கவரில் சில நீலப் பட்டைகள். கதிர் பட்டால் அவற்றிலுள்ள துகள் நீலத்தை வெளுக்க வைக்கும். வெளுத்ததும் நிழலுக்குப் போய்விட வேண்டும். ஆர்டர் கைகூடாததால் மேனேஜர் எல்லாவற்றையும் எனக்கே கொடுத்துவிட்டார். போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதையே நம்பிவிடாதீர்கள் என்றார் டாக்டர். முதல் பாதிதான் என் காதில் விழுந்தது.

குண்டடத்தில் கொழுந்தனாருக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு டி-ஷர்ட்டா போட முடியும்? கவரிலிருந்து ஒரு பட்டையை எடுத்து ஜாக்கெட் கையில் குத்திக்கொண்டேன். பந்தலுக்கு வெளியே வருகிறவர்களை வரவேற்றபடி, அடிக்கடி பட்டையைப் பார்த்தேன். நல்ல நீலம். பகல் முழுக்க நின்றேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல். பிறகு கால் வீங்கியது, சிறுநீரில் புரதம் போனது. பட்டை வெளுக்கவே இல்லையே என்று டாக்டரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவருக்கும் புரியவில்லை. என் உடம்புதான் பொய் சொல்கிறதோ என்றுகூட நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்ற என் கணவர் சாயப்பட்டறையில் மாஸ்டர். சாயம் போன துணி அவருக்கு மானப் பிரச்சினை.

"ஏனுங்க டாக்டர், இவ முன்னாடி குத்திக் கழட்டுன பட்ட ஒண்ணு சாயம் வெளுத்துப்போச்சுங்க. நான்தான் பட்டறைக்கு எடுத்துட்டுப் போயி கெட்டிச் சாயமாப் போட்டு, திரும்பக் கவர்லயே வெச்சனுங்க. இனி எத்தன வெயிலுக்கும் போகாதுங்க."

பெருமையாகத்தான் தொடங்கினார். டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. எனக்குக் கோபம் பொங்கியது. அவர் அழுததும் யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

ஸ்டீராய்டு (நோயின் வேகத்தை அடக்கும் மருந்து) சிறுநீரகத்தைக் காப்பாற்றியது; முழுக்க அல்ல. இதே நோயோடு இதைப் படிப்பவருக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தெளிவு போதாது. பட்ட வெயில் சில நாள் கழித்துத்தான் என்னிடம் வந்து சேர்கிறது. உடம்பு எப்படியிருக்கிறது என்று யாராவது கேட்டால், போன வாரத்தைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன். இன்றைக்கு எப்படி என்பது எனக்கே பிறகுதான் தெரியும்.