மீன்காரி கொடுத்த சர்க்கரைத் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம். கன்னியாகுமரியிலிருந்து சபரிமலைக்கு நடந்து போகும் ஒரு சுற்றுலாக் குழுவில் நானும் சேர்ந்திருந்தேன். பைகளை வேன் சுமக்கும், சமையல்காரர் உண்டு, வழிகாட்டி கூடவே வருவார், கையை வீசி நடந்தால் போதும் என்றார்கள். ஐம்பது வயதில் முதன்முதலாக மாலை போட்ட எனக்கு அது சௌகரியமாகத் தோன்றியது.

குழுவில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். சர்க்கரை நோயாளி. "சில நேரம் திடீர்னு சர்க்கரை இறங்கிரும் சாமி, குளுக்கோஸ் வெச்சிருக்க என் பை பக்கத்துலயே இருக்கணும்" என்று முதல் நாளே வழிகாட்டியிடம் சொன்னார். வேன் பின்னாலேயே வரும், பயப்படாதீர்கள் என்று சொல்லிப் பையை வாங்கி ஏற்றிக்கொண்டார் வழிகாட்டி.

மூன்றாம் நாள் காலை பாறசாலையைத் தாண்டி நெய்யாற்றின்கரை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். வெயில் ஏறிவிட்டது. கண்டக்டரின் நடை தள்ளாடியது. சட்டையெல்லாம் வேர்வை. ஏதோ கேட்டால் வேறு ஏதோ பதில் சொன்னார். வேனைத் தேடினால் காணவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு இடம் பிடிக்க முன்னாலேயே போய்விட்டதாம்.

திரும்பி வரச் சொல்லுங்கள் என்று வழிகாட்டியிடம் கெஞ்சினேன்.

"வேன் திரும்பி வந்தா எல்லாருக்கும் சாப்பாடு லேட்டாகும் சாமி. அவர் உக்காந்துட்டு மெதுவா வரட்டும்."

சொல்லிவிட்டு நடந்தார். மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே நானும் அவர் பின்னால் போனேன். ஆமாம், போனேன். பத்து நிமிடம் நடந்த பிறகுதான் மேலே நடக்க மனசு வராமல் திரும்பி ஓடினேன்.

கண்டக்டர் ஒரு பூட்டிய கடைப் படியில் சாய்ந்து கிடந்தார். மீன் விற்கும் பெண்ணொருத்தி அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, எதிர்க் கடையில் வாங்கிய சர்க்கரைத் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூடிகூடப் போடாத அவளுடைய மீன் பாத்திரத்தில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"இன்னுங் கொஞ்சம் குடியும் அண்ணா, பதறாதேயும், வெப்ராளப்படாதேயும்" என்று அவரிடம் சொன்னவள், என் கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் சீறினாள். "கூட வந்த ஆளு வழியில கெடக்காரு, நீங்க எங்க சாமி போறிய? இது சுகர் இறங்குனதாக்கும். எனக்க மாப்பிள்ளைக்கும் இப்பிடி வாறது உண்டு. கொஞ்சம் பிந்தியிருந்தா ஆளு போயிருப்பாரு."

வழிகாட்டிக்குப் போன் மேல் போன் போட்டேன். அரைமணி நேரம் கழித்து வேன் வந்தது. அதற்குள் கண்டக்டர் கண் திறந்து, தான் எங்கே இருக்கிறோம் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

இறங்கிய வழிகாட்டி அவரைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தார். "என்ன சாமி, மாலை போட்டுட்டு மீன்காரி கையிலயா வாங்கிக் குடிச்சாரு?"

அந்தப் பெண் சட்டென்று கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அவர் பையைத் தூக்கிட்டு ஓடினது நீ. இந்தக் கை மட்டும் இல்லேன்னா இப்ப பொணத்தைத்தான் ஏத்தியிருப்பே! விரதத்தைப் பத்தி நீ பேசாதே!" என்று கத்தினேன். வாழ்நாளில் அப்படி யாரிடமும் கத்தியதில்லை. அவர் சட்டையைப் பிடித்தேவிட்டேன்.

"சண்டை பொறவு போடலாம், ஆசுபத்திரிக்கு கொண்டு போங்க" என்று நடுவில் வந்து தடுத்தது அவள்தான்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கண்டக்டர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் மகன் வந்து ஊருக்கு அழைத்துப் போனார். நான் என் பையை வேனிலிருந்து இறக்கி, தோளில் மாட்டிக்கொண்டு தனியாகவே மலைக்கு நடந்தேன்.

வழிகாட்டி மேல் உள்ள ஆத்திரம் இன்றும் தணியவில்லை. ஆனால் தப்பென்று தெரிந்தும் அவர் பின்னால் பத்து நிமிடம் வாய் மூடி நடந்த என்மேல் இருக்கும் கோபம் அதைவிடப் பெரியது, அது தணியவும் வேண்டாம்.